அண்ணியைக் கூப்பிடும் விளக்கு

எங்கள் வீட்டில் அண்ணியைக் கூப்பிட வேண்டுமென்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். சுவிட்சைத் தட்டுவோம். அண்ணிக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. அவர் இருக்கிற அறையின் விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தால் "இங்கே வா" என்று அர்த்தம். மூன்று முறை என்றால் வாசலில் ஆள் நிற்கிறது. முப்பத்தாறு வருஷமாக இதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. போன வருஷம் அண்ணன் மகன் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து மாட்டிய பதினான்கு பல்புகளுக்கு மட்டும் இந்தப் பேச்சு புரியவில்லை.

நான் அண்ணனின் தங்கை. அதே வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் என்று கத்திக் கத்தியே சம்பளம் வாங்கியவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படிப் பிழைத்தவள். அண்ணன் எனக்கு நேர்மாறு. தண்ணீர் வாரியத்தின் பம்ப் அறையில் மோட்டார் ஆபரேட்டர். அங்கே மோட்டார் போடுகிற சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. அது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது. கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணுக்குக் காது கேட்காது என்று சொன்னபோது வீடே வாயில் கை வைத்தது. அண்ணன் மட்டும், "நான் பேசினாத்தானே அது ஒரு குறை" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் பிடிக்கவில்லை. கல்யாணமாகி முதல் மாதம், சமையலறையில் நின்றுகொண்டு, அம்மாவிடம், "இவங்ககிட்ட பேசறதும் ஒண்ணு, செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணு" என்றேன். அண்ணி இரண்டடி தள்ளித்தான் நின்றார். கேட்காதே என்ற தைரியம். உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அண்ணி அழவில்லை, முகம் வாடவில்லை. உள்ளே போய் ஊசியும் நூலும் எடுத்து வந்து, என் வாய்க்கு நேராக நீட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தைத்து முடிச்சுப் போடுவதாகக் காட்டினார். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டவள்தான் நான், இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

அண்ணிக்குத் தையல் வேலை. ரவிக்கை, சட்டை என்று அளவெடுக்கிற தையல் அல்ல. அதற்கு வாடிக்கையாளரோடு மணிக்கணக்கில் பேச வேண்டும். இது விடுதிகளுக்குத் திரைச்சீலை, ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை. நீளமும் அகலமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். முன்பக்க அறை முழுக்கத் துணிக் கட்டு. மெஷின் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கும், அதாவது கதவுக்கு முதுகு காட்டி.

அந்த முதுகுதான் பிரச்சினை. அண்ணன் வேலை முடிந்து வந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். ஒருநாள் அப்படித் திடுக்கிட்டதில் ஊசி அண்ணியின் விரல் நகத்தில் இறங்கிவிட்டது. அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வந்த அண்ணன், மறுநாள் கதவருகிலேயே நின்று, என்ன செய்யலாம் என்று கொஞ்சம் யோசித்து, சுவரிலிருந்த சுவிட்சை இரண்டு முறை தட்டினார். துணியின் மேல் வெளிச்சம் போய்ப் போய் வந்தது. அண்ணி நிதானமாகத் திரும்பினார். நாள் முழுக்க மோட்டாரை ஆன் செய்து ஆஃப் செய்கிற மனிதருக்கு வேறென்ன தோன்றும்?

பிறகு தெரு முனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் நீட்டிக்கொண்டிருப்பதால் அவருக்கே டெஸ்டர் என்று பேர். வாசல் கேட்டில் அழைப்பு மணிக்குப் பதிலாக ஒரு சுவிட்ச் வைத்து, அதைத் தையல் அறை விளக்கோடு இணைத்தார். வாடிக்கையாளர்கள் பழகிக்கொண்டார்கள். தபால்காரர் பழகிக்கொண்டார். மகன் பிறந்து தவழ ஆரம்பித்து எழுந்து நின்றபோது, அவன் முதலில் எட்டிப் பிடிக்கப் பார்த்தது சுவிட்சைத்தான். எட்டவில்லை என்று அழுதான். அழுதால் இந்த வீட்டில் அம்மா வரமாட்டாள், விளக்கு அணைந்தால்தான் வருவாள் என்று அந்த வயதிலேயே தெரிந்து வைத்திருந்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தட்டுவது யார் என்று அண்ணிக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும். என் தட்டு அவசரத் தட்டாம், இரண்டுக்கும் நடுவே மூச்சே இருக்காதாம். மகனுடையது படார் படார் என்று. அண்ணன் முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவே கொஞ்சம் காத்திருப்பாராம். அந்த இடைவெளியின் நீளத்தை வைத்தே அவருக்குப் பசியா, சலிப்பா, சும்மா கூப்பிடுகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவார். நான் முதலில் நம்பவில்லை. சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அவர் தவறவில்லை.

அண்ணன் ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், மழைக்காலத்தில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சு குழறிவிட்டது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டது. வாக்கர் வாங்கிக் கொடுத்தோம். பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் ஒரு பெண் வந்தாள், சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. அவள் பிடித்துக்கொள்ள, அண்ணன் கூடம் வரை நடந்தார்.

இரண்டாவது வாரம் யாரையும் கூப்பிடாமல் தானே நடந்து பார்க்கலாம் என்று கிளம்பி, நடைவழியில் விழுந்துவிட்டார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த நேரம் விடுதியிலிருந்து துணி வாங்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கட்டிலில் கொண்டுபோய் வைத்தார்கள். வேட்டி வேறு அவிழ்ந்திருந்தது. அதோடு சரி. அதன் பிறகு நாங்கள் தலைகீழாக நின்றாலும் அண்ணன் எழுந்திருக்க மறுத்துவிட்டார். பயிற்சிப் பெண் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவள் என்னிடம் பிட்டுப் பிட்டு வைத்தாள். "அவருக்குக் கால்ல பலம் இருக்கும்மா. மனசுதான் வரலை. இன்னும் ஒரு மாசம், ஒன்றரை மாசம். அதுக்குள்ள நடக்க ஆரம்பிக்கலேன்னா முழங்கால் மடங்கினபடியே இறுகிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்லை." இதை ஒரு தாளில் எழுதி அண்ணியிடமும் காட்டினாள். அண்ணி அந்தத் தாளை மடித்து, மெஷின் மேஜையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும்படி, டெஸ்டர் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்திருந்தார். அதைத் தட்டினால் தையல் அறையிலும் சமையலறையிலும் விளக்கு அணைந்து எரியும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அண்ணன் ஒரு நாளைக்கு நாற்பது முறை தட்டினார். தண்ணீர், ஜன்னல், ஃபேன், போர்வை, ஃபேன் மறுபடியும். அண்ணி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார். அவருக்கும் அறுபது ஆகப்போகிறது. முழங்கால் அவருக்கும் முழங்கால்தானே? "ஒரு தடவைக்கு மூணு வேலையா சேர்த்துச் சொல்லேன், அண்ணா" என்று நான் கத்தியிருக்கிறேன். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அடுத்த நிமிஷம் அழுகையும் வரும். பம்ப் அறையில் ஆளுயரச் சக்கரத்தை ஒற்றைக் கையால் திருப்பிய மனிதர் அவர்.

இந்த நிலையில்தான் மகன் இரண்டு வார லீவில் வந்தான். வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா ஓடுகிற ஓட்டத்தை ஒரே ஒரு நாள்தான் பார்த்தான். மறுநாள் வாசலில் பெட்டிகள் வந்து இறங்கின. பதினான்கு ஸ்மார்ட் பல்பு, ஒரு டேப்லட், பேசினால் பதில் சொல்லும் ஒரு ஸ்பீக்கர், ஃபேனுக்கு ஏதோ ஒரு சாமான்.

"அத்தை, இனிமே அப்பா கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம். எல்லாம் படுத்த இடத்துலேர்ந்தே செஞ்சுக்கலாம்" என்றான்.

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் ஏனென்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

பல்பை மாட்டி முடித்ததும் அவன் போட்ட முதல் சட்டம், யாரும் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தொடக்கூடாது. இந்த பல்புக்குள்ளே ஒரு சின்ன மூளை இருக்கிறதாம். சுவிட்சை அணைத்தால் அதற்குக் கரண்ட் போய்விடும், மூளை செத்துவிடும், பிறகு டேப்லட் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் எல்லா சுவிட்சும் எப்போதும் ஆன் நிலையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சின் மேலும் பிளாஸ்திரி ஒட்டினான். கட்டில் ஓரத்து சுவிட்சின் இணைப்பைக் கழற்றியே விட்டான். அண்ணிக்கு வேண்டிய வசதியும் செய்திருந்தான், குறை சொல்லக்கூடாது. அப்பா டேப்லட்டைத் தொட்டால் வீட்டிலுள்ள எல்லா விளக்கும் நீலமாக மின்னும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் தெரியும். வாசலில் ஆள் வந்து கேட்டில் மாட்டிய புதுப் பொத்தானை அழுத்தினால் பச்சை.

முதல் நாள் எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். இரண்டாம் நாளிலிருந்து வீட்டில் தினமும் ஒரு கூத்து.

என் கை இருக்கிறதே, அது நான் சொல்வதைக் கேட்காது. அறைக்குள் நுழைந்தால் சுவிட்சுக்குப் போகும், வெளியே வந்தால் சுவிட்சுக்குப் போகும். பிளாஸ்திரியோடு சேர்த்து அணைத்துவிட்டுப் போய்விடுவேன். அரை மணி கழித்து மகன், "சமையலறை பல்பு ஆஃப்லைன்" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவான். "அத்தை, நீங்கதானே?" "நான் ஏன்டா தொடப்போறேன்?" என்று மாடிப்படி ஏறிவிடுவேன்.

ஸ்பீக்கரோ அண்ணனைப் பாடாய்ப் படுத்தியது. அண்ணன் நாக்கைப் புரட்டி, "இ...க்கு" என்பார். விளக்கு என்று எங்களுக்குப் புரியும். அந்தச் சாமான் தேன் ஒழுகும் குரலில், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்னும். மறுபடியும் சொல்வார். மறுபடியும் மன்னிப்புக் கேட்கும். மைக்கில் நானும் இருபத்தெட்டு வருஷம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், வண்டி தாமதமானால். இவ்வளவு திமிராக ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்தாவது மன்னிப்பில் அண்ணனின் கண் நிறைந்துவிட்டது. அண்ணிக்கு ஸ்பீக்கர் சொன்னது கேட்கவில்லை, ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். நேராகப் போய் ஒயரைப் பிடுங்கினார். அதன்பின் அந்த ஸ்பீக்கர் தையல் அறையில் இருந்தது. துணி வெட்டும்போது நகராமலிருக்க மேலே வைக்க நல்ல கனம்.

டேப்லட் வேலை செய்தது. நீல விளக்கும் மின்னியது. ஆனால் அண்ணி ஒவ்வொரு முறையும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் போனார். மகன் சைகையில் கேட்டான், என்னம்மா குறை? அண்ணி ஜன்னலோரம் நின்று, கையை விரித்து, யார் என்று கேட்டார். "நீலம்னா அப்பாம்மா" என்றான் உதட்டை நன்றாக அசைத்து. அது தெரியும் என்று தலையாட்டினார். பிறகு அண்ணனைப் போல விரலை நீட்டி, காற்றில் ஒரு சுவிட்சை மெதுவாகத் தட்டிக் காட்டினார். அடுத்து வேகமாக. அடுத்து நடுங்கி நடுங்கி. ஒவ்வொன்றுக்கும் முகத்தை மாற்றினார். பிறகு விளக்கைக் காட்டி, முகத்தில் ஒன்றுமே இல்லாமல் வெறுமனே நின்றார். அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, எனக்குப் புரிந்தது. அண்ணியைப் பொறுத்தவரை அண்ணனின் குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போகாதது இந்த பல்பில் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் வெடித்தது. மகன் வெளியே போயிருந்தான். விடுதிக்காரப் பெண் அவசரமாக வந்தவள், கேட்டிலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் சுவிட்சைத் தட்டியிருக்கிறாள். அண்ணி அந்த நேரம் சமையலறையில். யாரும் வரவில்லை என்று மறுபடி மறுபடி தட்டியிருக்கிறாள். இந்த பல்புக்கு ஒரு குணம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்தாறு முறை சடசடவென்று அணைத்துப் போட்டால், எல்லாவற்றையும் மறந்துவிட்டு, புதிதாக யாராவது வந்து தன்னைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு மின்ன ஆரம்பிக்குமாம். அவள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தையல் அறை விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டிருந்தது.

அறைக்குத் திரும்பி அதைப் பார்த்த அண்ணி வாசலுக்கு ஓடினார். ஆள் இல்லை. அண்ணனிடம் ஓடினார். அவர் கூப்பிடவில்லை என்று கை அசைத்தார். திரும்பி வந்தால் விளக்கு மின்னுகிறது. குளியலறை, கொல்லைப்புறம், மாடி. என் கதவைப் படபடவென்று தட்டி, மூச்சு வாங்க, "யா...யா?" என்று வாய்விட்டுக் கேட்டார். அண்ணி குரல் எழுப்புவது அபூர்வம். நான் கீழே ஓடி வருவதற்குள் அவர் மறுபடி அண்ணனின் அறைப் பக்கம் ஓடியிருந்தார். யாரோ எங்கேயோ விழுந்து கிடந்து கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்துவிட்டார், பாவம்.

நடைவழியிலிருந்து நான் பார்த்தது இதுதான். அண்ணன் கட்டிலின் விளிம்பில் இருந்தார். இரண்டு காலும் தரையில். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, இடுப்பைத் தூக்கி, பாதி எழுந்து நின்றிருந்தார். ஓடுகிற அண்ணியை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அந்த முகத்தில் இருந்தது. அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போய் அவரைத் தாங்கி உட்கார வைத்தார்.

அன்று மாலை அண்ணி துணி வெட்டும் காகிதத்தில் ஒரு படம் போட்டார். ஒரு மெஷின், அதன் மேஜையில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து நீளமாக ஒரு கோடு, கோட்டின் முடிவில் ஒரு கட்டில், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு விளக்கு. அதை மடித்துக்கொண்டு தானே நடந்து டெஸ்டர் கடைக்குப் போய்வந்தார்.

மறுநாள் காலை டெஸ்டர் வந்தார். மகனுக்குக் கொஞ்சம் ரோஷம். தன் அமைப்பில் ஒரு குறையும் இல்லை, வீட்டு ஆட்கள்தான் சுவிட்சைத் தட்டிக் கெடுக்கிறார்கள் என்றான். டெஸ்டர் ஸ்டூலில் ஏறி ஒரு பல்பைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, பல்பு நல்ல பல்புதான். ஆனா இதுக்கு இருபத்துநாலு மணி நேரமும் சோறு போட்டுக்கிட்டே இருக்கணும். சுவிட்சோட வேலையே சோத்தை நிறுத்தறது. ரெண்டையும் ஒரே லைன்ல கட்டி வெச்சா எப்படிக் குடித்தனம் நடத்தும்?"

"அதுக்குத்தானே அங்கிள் பிளாஸ்திரி போட்டிருக்கேன்."

"பொண்டாட்டி வாயில பிளாஸ்திரி போட்டா குடித்தனம் ஆயிடுமா?"

நான் சிரித்துவிட்டேன். மகனும் சிரித்துவிட்டான். அதன்பின் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று வேலை பார்த்தார்கள். பல்புகளுக்கு நேர் லைன் கொடுத்தார்கள். சுவிட்சுகளுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் வைத்தார்கள். இனி சுவிட்ச் கரண்டை வெட்டாது, தட்டினால் பல்புக்குச் செய்தி மட்டும் சொல்லும். பிளாஸ்திரி எல்லாம் உரிந்தது. என் கைக்கு விடுதலை. கட்டில் ஓர சுவிட்சும் திரும்பி வந்தது.

அண்ணனைத் தட்டச் சொன்னார்கள். தட்டினார், கொஞ்சம் காத்திருந்து மறுபடி தட்டினார். தையல் அறை பல்பு ஒரு கணம் யோசித்து, இரண்டு தட்டையும் தனக்குத் தோன்றிய வேகத்தில் ஒப்பித்தது. அண்ணி தலையை ஆட்டினார், இல்லை என்று. மகன் டேப்லட்டில் என்னென்னவோ மாற்றிப் பார்த்தான். அப்போதும் இல்லை.

"விடுங்க தம்பி. பெரிய பல்பு வெளிச்சம் கொடுக்கட்டும். பேசறதுக்கு ஒரு ஜீரோ வாட் பல்பு போதும்" என்றார் டெஸ்டர்.

தையல் அறையிலும் சமையலறையிலும் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒவ்வொரு சின்ன சிவப்பு பல்பு, பழைய மாதிரி நேரடி ஒயரில். அண்ணன் தட்டினார். அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து மகன் டேப்லட்டைக் கீழே வைத்துவிட்டான்.

கடைசியாக, அண்ணி வரைந்து கொடுத்தபடி, மெஷின் மேஜையில் ஒரு சுவிட்சும் அண்ணனின் கட்டிலுக்கு எதிரே ஒரு பல்பும் வைத்தார்கள். "நல்லதுதான் அத்தை. அப்பா கூப்பிட்டா, பார்த்துட்டேன், வர்றேன்னு அம்மா பதில் சொல்லலாம்" என்றான் மகன். நானும் அப்படித்தான் நினைத்தேன். டெஸ்டரும் அப்படித்தான் நினைத்தார்.

அடுத்த நாள் காலை அண்ணி வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். நடைவழியில் கிடந்த மிதியடியைச் சுருட்டி வைத்தார். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் மூன்றைக் கொண்டுவந்து, நடைவழிச் சுவரோரம் பத்தடிக்கு ஒன்றாகப் போட்டார். வாக்கரை அண்ணனின் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். கூட்டிப் பெருக்கத்தான் என்று நினைத்தேன். பத்து மணிக்குத் தையல் அறைக்கு வந்து உட்கார்ந்தார். நானும் மகனும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

அண்ணி மேஜையிலிருந்த புது சுவிட்சை இரண்டு முறை தட்டினார்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அண்ணன் கூப்பிடவே இல்லையே, இவர் எதற்குப் பதில் சொல்கிறார்? கொஞ்ச நேரத்தில் சிவப்பு பல்பு இரண்டு முறை மின்னியது. அண்ணன் கூப்பிடுகிறார். அண்ணி எழவில்லை. மறுபடி இரண்டு முறை தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த முப்பத்தாறு வருஷத்தில் எல்லாரும் அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறோம். அண்ணி யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிட அவருக்கு ஒரு வழி இருந்ததில்லை. வேண்டுமானால் அவரேதான் எழுந்து வருவார்.

சிவப்பு பல்பு சடசடவென்று மின்னியது. அண்ணி சிரித்துக்கொண்டு, திட்டுகிறார் என்று சைகை காட்டினார். பதிலுக்கு நிதானமாக இரண்டு தட்டு.

"அத்தை, அப்பாவுக்கு என்னமோ வேணும்போல" என்று மகன் எழுந்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த பிடியில் பொத்தான் தெறித்துவிட்டது.

கால் மணி நேரம் போனது. பல்பு மின்னுவது நின்றுவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீருக்குத் தவிக்கிறாரோ, ஒன்றுக்கு வருகிறதோ. என்ன பிடிவாதம் இது, கட்டின மனுஷனிடம்? ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. வாக்கரின் கால்.

என் வாய் திறந்தபடியே நின்றது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். டக். பிறகு காலை இழுக்கிற சரசரப்பு. டக். அண்ணியிடம் சொல்ல வேண்டுமே, அவருக்குக் கேட்காதே என்று திரும்பினேன்.

அண்ணி மெஷினை அணைத்திருந்தார். பெடலிலிருந்து இரண்டு பாதங்களையும் எடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுந்தரையில் விரல்களை விரித்து அழுத்தி வைத்திருந்தார். கண் துணியில் இருந்தது, ஆனால் துணியைப் பார்க்கவில்லை. டக் என்று வரும்போதெல்லாம் அவர் கழுத்து நரம்பு ஒன்று அசைந்தது. அடிக்கு அடி எண்ணிக்கொண்டிருந்தார்.

நடுவே சத்தம் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். போன முறை விழுந்த இடம் அது. மகன் பாய்ந்து எழுந்தான். அண்ணி திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார், இரு என்று. அப்போது நான் வேண்டாத தெய்வமில்லை. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது, யாரோ அதில் கனமாக உட்கார்ந்தது போல. கொஞ்ச நேரம் பெருமூச்சு. மறுபடி நாற்காலி கிறீச்சிட்டது. டக்.

கதவுக்கு அண்ணன் வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க வியர்வை, முகம் முழுக்கக் கோபம். அவர் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. அண்ணி தானே திரும்பினார்.

"எ...ன்ன?" என்றார் அண்ணன். வாய் கோணியது. "எது...க்கு?"

அண்ணி எழுந்து, வெட்ட வேண்டிய திரைச்சீலைத் துணியை மேஜையில் உதறி விரித்தார். ஐந்து மீட்டர். ஒரு முனையைக் கொண்டுபோய் அண்ணனின் இடது கையில் கொடுத்து, விரல்களை மடக்கி, இழுத்துப் பிடி என்று காட்டினார்.

அண்ணன் வாக்கரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். இரண்டு கையும் சும்மா இருக்கிற ஆட்கள் இரண்டு பேர் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தோம். எங்களில் ஒருவரையும் அண்ணி கேட்கவில்லை என்பது அண்ணனுக்குப் புரிந்தது. முகத்திலிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

துணியை இழுத்துப் பிடித்தார். அண்ணி கத்தரியை எடுத்தார்.